வேலூர் வெயிலில் டிராகன் பழம்: வீட்டுத் தோட்டத்துக்கு ஏற்ற வகையைத் தேர்ந்தெடுத்து வளர்க்கும் முறை

காட்பாடியில் எங்கள் வீட்டு மாடியில் டிராகன் பழச் செடிகள் முதன்முதலாகப் பூத்த ஆண்டில் 11 பூக்கள் விரிந்தன. அந்த 11 பூக்களும் ஒரு வாரத்துக்குள் அடிப்பகுதி மஞ்சளாகி உதிர்ந்துவிட்டன. தண்ணீர் போதவில்லையோ என்று கூட்டிப் பார்த்தேன், அதிகமாகிவிட்டதோ என்று குறைத்துப் பார்த்தேன், கடலைப் புண்ணாக்கு ஊறவைத்த நீரையும் ஊற்றினேன். எதனாலும் பயன் கிடைக்கவில்லை. காரணம் வேறோரிடத்தில் இருந்தது. நான்கு செடிகளையும் "சிவப்பு" என்ற ஒரே பெயரில் ஒரே நர்சரியில் வாங்கியிருந்தேன். அவை நான்கும் ஒரே தாய்ச்செடியிலிருந்து வெட்டிய தண்டுகள். அந்தத் தாய்ச்செடியோ தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக்கொள்ளாத வகையைச் சேர்ந்தது. ஆகவே மாடியில் நான்கு செடிகள் நின்றாலும் காய்ப்பைப் பொறுத்தவரை அவை ஒரே செடிதான். அடுத்த ஆண்டு வேறு வகைச் செடி ஒன்றின் மகரந்தத்தைக் கொண்டுவந்து தடவிய பிறகே முதல் காயைக் கண்டேன்.

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களாக இன்று பிரிந்திருக்கும் பழைய வேலூர் மாவட்டப் பகுதியில், மாடியிலும் கொல்லையிலும் இந்தச் செடியை வைத்துவிட்டுப் பழம் பார்க்காமல் சலித்துப் போனவர்கள் பலரை நான் சந்தித்திருக்கிறேன். அவர்களுடைய செடிகளைப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டு காரணங்களே தென்படுகின்றன: ஒன்று, துணையில்லாமல் காய்க்காத வகையைத் தெரியாமல் வாங்கியது, மற்றொன்று, இது கள்ளிச்செடிதானே என்று நம்பி கத்திரி வெயிலில் மூடாமல் விட்டது. உரம், மருந்து, பூச்சி எல்லாம் அதற்குப் பின்னால் வருபவை. எனவே இக்கட்டுரையில் வகைத் தேர்வுக்கும் வெயில் காப்புக்கும் கூடுதலான இடம் கொடுத்திருக்கிறேன்.

இது பாலைவனக் கள்ளி அன்று

டிராகன் பழம் கள்ளிக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பது உண்மை. ஆனால் நம் ஏரிக்கரைகளில் முளைக்கும் சப்பாத்திக்கள்ளியைப் போல வெட்டவெளியில் வாழப் பிறந்த செடி அன்று. மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும் இதன் பூர்வீகம். அங்கே காடுகளில் மரத்தைப் பற்றிக்கொண்டு ஏறி, கிளைகளுக்கு இடையே வடிகட்டி வரும் வெளிச்சத்தில், இலைமக்கு நிறைந்த மேல்மண்ணில் வேரோட்டி வளர்வது இதன் இயல்பு. இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டால் பராமரிப்பில் பாதி தானாகவே விளங்கும். வேர் ஆழமாகப் போகாது. ஆகவே அகலமான தொட்டியே தேவை, ஆழமானது தேவையில்லை. ஏறிப் படர்வது இதன் பழக்கம். ஆகவே உறுதியான கம்பம் வேண்டும். வேரில் நீர் தேங்கினால் அழுகும். அதே சமயம் மாதக்கணக்கில் காய்ந்து கிடப்பதையும் தாங்கிக்கொண்டு காய்க்காது. பகலில் தண்டின் துளைகளை மூடிக்கொண்டு இரவில் திறந்து சுவாசிக்கும் செடியாதலால், இரவு வெப்பம் தணியாத சித்திரை, வைகாசி மாதங்களில் அதன் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். அப்போது வளரவில்லையே என்று உரத்தை அள்ளிக் கொட்டுவது செடிக்குத் தீங்குதான்.

எந்த வகையை வாங்குவது

கடைகளில் நாம் பார்ப்பவை மூன்று பெரும் பிரிவுகள்: சிவப்புத் தோலும் வெள்ளைச் சதையும் உள்ளது, சிவப்புத் தோலும் சிவப்பு அல்லது ஊதாச் சதையும் உள்ளது, மஞ்சள் தோலும் வெள்ளைச் சதையும் உள்ளது. வீட்டில் வளர்ப்பவர் சதையின் நிறத்துக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, "இது தனியாக இருந்தாலே காய்க்குமா, துணை வேண்டுமா?" என்பதுதான். இந்தக் கேள்விக்கு விற்பவரால் தெளிவாகப் பதில் சொல்ல முடியவில்லை என்றால், அந்தச் செடி எவ்வளவு செழிப்பாகத் தெரிந்தாலும் ஒரே செடி வைக்க விரும்புபவர் அதை வாங்க வேண்டாம்.

வெள்ளைச் சதை வகையில் நம் ஊரில் பரவலாகக் கிடைப்பது வியட்நாம் வெள்ளை. பிரெஞ்சுக்காரர்கள் 19ஆம் நூற்றாண்டில் வியட்நாமுக்குக் கொண்டுபோன செடியின் வழிவந்தது இது. தன் மகரந்தத்தாலேயே காய்க்கும், தண்டு தடித்து வேகமாக வளரும், பழமும் பெரிதாக இருக்கும். சுவை மிதமானது, கடையில் காயாகப் பறித்து வந்ததை உண்டுவிட்டு "சப்பென்று இருக்கிறது" என்று ஒதுக்கியவர்கள், செடியிலேயே நன்றாகப் பழுக்க விட்ட பழத்தை ஒருமுறை உண்டு பார்த்தால் கருத்தை மாற்றிக்கொள்வார்கள். ஒரே ஒரு செடிக்குத்தான் இடம் இருக்கிறது என்பவருக்கு நான் தயக்கமின்றிச் சொல்வது இந்த வகையையே.

சிவப்புச் சதை வகைகளில்தான் குழப்பம் மிகுதி. சயாம் ரெட், ஜம்போ ரெட், மொராக்கோ ரெட், மலேசியன் ரெட், தாய்வான் பிங்க் என்று எத்தனையோ பெயர்களில் விற்கிறார்கள். ஒரே செடி இரண்டு நர்சரிகளில் இரண்டு பெயர்களில் நிற்பதும், இரண்டு வெவ்வேறு செடிகள் ஒரே பெயரில் விற்கப்படுவதும் உண்டு. குஜராத் அரசு 2021 ஜனவரியில் இப்பழத்துக்குக் "கமலம்" என்று பெயர் சூட்டியது. அதனால் சில இடங்களில் பெயர்ப்பலகையில் கமலம் என்று மட்டும் எழுதியிருப்பார்கள். அது பழத்தின் பொதுப்பெயரே தவிர ஒரு வகையின் பெயர் அன்று. சிவப்புச் சதை வகைகளில் சில தானே காய்க்கும், சிலவற்றுக்கு வேறு வகையின் மகரந்தம் கட்டாயம் வேண்டும். ஊதாச் சதையும் நல்ல மணமும் உடைய பிசிக்கல் கிராஃபிட்டி என்ற வகை துணை வேண்டும் வகைக்குத் தெளிவான எடுத்துக்காட்டு. பெயரை நம்புவதைவிட, விற்பவரிடம் காய்த்து நிற்கும் தாய்ச்செடியைக் காட்டச் சொல்வதே மேல். அந்தத் தாய்ச்செடி பல வகைகள் கலந்து நிற்கும் தோட்டத்தில் இருந்தால், அது தானே காய்த்ததா, பக்கத்துச் செடியின் மகரந்தத்தால் காய்த்ததா என்பதையும் கேட்க வேண்டும்.

சிவப்பு வேண்டும், ஆனால் சிக்கல் வேண்டாம் என்பவருக்கு நான் பரிந்துரைப்பது சுகர் டிராகன் என்னும் வகை; எஸ் 8 என்றும் இதைச் சொல்வார்கள். பழம் சிறியது முதல் நடுத்தர அளவு வரைதான் வரும். ஆனால் இனிப்பு நன்றாக ஏறும், தானே காய்க்கும், மற்ற வகைகளுக்குக் கொடுப்பதற்கு ஏற்ற மகரந்தமும் தாராளமாகக் கிடைக்கும். இரண்டு செடிகளுக்கு இடமிருந்தால் ஒன்று வியட்நாம் வெள்ளையாகவும் மற்றொன்று சுகர் டிராகனாகவும் இருக்கட்டும். மூன்றாவது ஒன்றுக்கும் இடமிருந்தால் அப்போது துணை வேண்டும் சிவப்பு வகை ஒன்றைத் துணிந்து வைக்கலாம். முதல் இரண்டும் அதற்கு மகரந்தம் தரும்.

மஞ்சள் தோல் வகையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஈக்வடார் நாட்டின் பலோரா என்னும் ஊரின் பெயரால் அழைக்கப்படும் முள் நிறைந்த மஞ்சள் வகைதான் எல்லாவற்றிலும் இனிப்பானது. அதன் சுவைக்காக யாரும் ஆசைப்படுவது இயல்பே. ஆனால் அது மிதமான தட்பவெப்பத்தை விரும்பும் செடி. தண்டு மெல்லியது, வளர்ச்சி மெதுவானது, பூ விரிந்து பழம் பழுக்க நான்கைந்து மாதங்கள்கூட ஆகலாம். வேலூர் சமவெளியின் கோடையில் அதைக் காப்பாற்றுவது கடினம். ஏலகிரி, ஜவ்வாது மலைப்பகுதியில் வீடு உள்ளவர்கள் முயன்று பார்க்கலாம். முள் இல்லாத மஞ்சள் தோல் பழங்களும் சந்தையில் உண்டு. அவை வெள்ளைச் சதை வகைக்கு நெருங்கிய உறவே தவிரப் பலோரா அல்ல. பலோராவின் விலை கொடுத்து அவற்றை வாங்கிவிட வேண்டாம்.

விதையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பழத்தின் கறுப்பு விதைகளைக் கழுவி விதைத்தால் எளிதாக முளைக்கும். குழந்தைகளுக்குக் காட்ட நல்ல வேலை. ஆனால் அப்படி முளைத்த செடி காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும், தாயின் குணத்தோடு வரும் என்ற உறுதியும் இல்லை. முதிர்ந்த தண்டிலிருந்து வளர்த்த செடி ஒன்றரை ஆண்டிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் பூக்கத் தொடங்கும்.

தண்டு, தொட்டி, கம்பம்

வாங்கும் தண்டு ஓரடியிலிருந்து ஒன்றரை அடி நீளமும், பென்சிலைவிடப் பலமடங்கு தடிமனும், அழுத்தினால் அமுங்காத கெட்டித்தன்மையும் கொண்டிருக்க வேண்டும். வெளிர்பச்சையாகப் பளபளக்கும் இளந்தண்டு பார்வைக்கு அழகாக இருந்தாலும் எளிதில் அழுகும். தண்டின் மேல் ஆரஞ்சு நிறத்திலோ செம்பழுப்பிலோ சிறு புள்ளிகள் தெரிந்தால் வாங்காமல் திரும்பிவிடுங்கள். அது தண்டுப்புண் நோயின் தொடக்கமாக இருக்கலாம், ஒரு தண்டோடு வீட்டுக்குள் வந்தால் எல்லாச் செடிகளுக்கும் பரவும்.

வெட்டிய தண்டை உடனே நடக் கூடாது. அடிமுனையில் பச்சைச் சதையைச் சுற்றிலும் ஓர் அங்குல அளவுக்குச் சீவி நடுவிலுள்ள கெட்டியான நரம்பை வெளியே தெரியச் செய்து, நிழலில் ஐந்து முதல் ஏழு நாட்கள் காயவிட வேண்டும். வெட்டுவாய் காய்ந்து தோல் போலானதும், இரண்டு அங்குல ஆழத்தில் மட்டும் நட்டு, ஒரு குச்சியோடு கட்டிவைக்க வேண்டும். மேல்முனை, கீழ்முனை மாறாமலிருக்க வெட்டும்போதே அடையாளம் இட்டுக்கொள்ளுங்கள். முட்கள் புறப்படும் இடத்தில் விளிம்பின் வளைவு எந்தப் பக்கம் இருக்கிறது என்று தாய்ச்செடியில் பார்த்து வைத்துக்கொண்டால் குழப்பம் வராது. மூன்று நான்கு வாரங்களில் வேர் பிடிக்கும். நடுவதற்கு நம் பகுதியில் ஆடி, ஆவணி மாதங்களே சிறந்தவை. வெயிலின் கடுமை தணிந்து, தென்மேற்குப் பருவமழையின் தூறலும் கிடைத்து, அடுத்த கோடைக்குள் செடி தேறிவிடும். பங்குனியில் நடுவதைத் தவிர்க்க வேண்டும்.

மாடியில் வளர்ப்பவர்கள் 200 லிட்டர் நீல நிறப் பிளாஸ்டிக் பீப்பாயைக் குறுக்கே அறுத்து, ஒரு பாதியை ஒரு செடிக்குத் தொட்டியாக வைக்கலாம். அடியில் எட்டுப் பத்துத் துளைகள் இட்டு, செங்கல் மேல் தூக்கி வைக்க வேண்டும். நனைந்த மண்ணோடு இது 100 கிலோவுக்கு மேல் கனக்கும் என்பதால் தளத்தின் நடுவில் வைக்காமல், கீழே சுவரோ உத்தரமோ வரும் இடத்தின் மேல் வைப்பது நல்லது. தரையில் நடுபவர்கள் குழிக்குள் நடாமல் ஓரடி உயர மேடு எழுப்பி அதன் மேல் நட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் சூழ்ந்து நின்றால் ஒரே வாரத்தில் அடித்தண்டு குழைந்துவிடும்.

கம்பத்துக்கு நம் பகுதியில் ஒரு வசதி உண்டு. வேலிக்கு நடும் கருங்கல் தூண்கள் இங்கே எளிதாகக் கிடைக்கின்றன. ஏழடிக் கல்லில் இரண்டடியை மண்ணில் புதைத்தால் ஐந்தடி மேலே நிற்கும். ஒரு கல்லைச் சுற்றி நான்கு செடிகள் வரை நடலாம். ஆனால் கல் வெயிலில் கொதிக்கும் என்பதால் அதைச் சாக்குப்பையால் சுற்றிக் கட்டிவிட வேண்டும். ஈரச்சாக்கில் செடியின் காற்று வேர்கள் நன்றாகப் பற்றிக்கொள்ளும். மாடித் தொட்டியில் நான்கங்குலப் பிவிசி குழாயின் நடுவே இரும்புக்கம்பி வைத்துக் காங்கிரீட் நிரப்பி நட்டுக்கொள்ளலாம். உச்சியில் குறுக்காக இரண்டு கம்பிகளை வைத்து, பஞ்சர் கடையில் கிடைக்கும் பழைய ஸ்கூட்டர் டயரை அதன் மேல் கட்ட வேண்டும். முதிர்ந்த செடியின் பாரம் சாதாரணமானதன்று. மூங்கில் நட்டவர்கள் மூன்றாம் ஆண்டு மழைக்காற்றில் எல்லாம் சாய்ந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறார்கள்.

மண்கலவைக்குச் செம்மண் மூன்று பங்கு, ஆற்றுமணல் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம் இரண்டு பங்கு, அலசிய தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு என்று நான் சேர்க்கிறேன். தொட்டிக்கு இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும் போடுகிறேன். ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் மேலே குளமாக நிற்காமல் சற்று நேரத்தில் அடியில் வடிய வேண்டும். வடியவில்லை என்றால் மணலைக் கூட்டுங்கள்.

தண்ணீர்

வாளியின் உட்புறத்தில் வெள்ளையாகப் படிவு கட்டும் ஆழ்துளைக் கிணற்று நீர் வேலூர் வீடுகளில் பரவலானது. பாலாற்றுப் படுகையில் வாணியம்பாடி முதல் இராணிப்பேட்டை வரை தோல் பதனிடும் கழிவால் நிலத்தடி நீர் கெட்டது நாடறிந்த துயரம். 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கிய வழக்கும் அதுவே. மேல்மண்ணில் மட்டும் வேரோடும் இந்தச் செடிக்கு உப்பு ஆகாது. தொட்டியின் விளிம்பில் வெள்ளைப் பூச்சு தெரிந்து, புதுத்தளிரின் நுனி கருகினால் உப்பைச் சந்தேகிக்க வேண்டும். அப்போது மழைநீரைச் சேர்த்து வைத்து ஊற்றுவதும், மழைக்காலத்தில் தொட்டியைத் திறந்தவெளியில் நனையவிட்டு உப்பைக் கழுவி வெளியேற்றுவதும் பயன் தரும். நீரையும் மண்ணையும் ஆய்வு செய்வது பற்றி விரிஞ்சிபுரத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். ஆர்.ஓ. சுத்திகரிப்பு இயந்திரம் வெளியேற்றும் கழிவுநீரை வீணாக்க மனமில்லாமல் பலர் செடிகளுக்கு ஊற்றுகிறார்கள். குடிநீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அந்த நீரில்தான் இருக்கிறது. அதை வாசல் கழுவப் பயன்படுத்துங்கள். டிராகன் பழச் செடிக்கு ஊற்ற வேண்டாம். அரிசி கழுவிய நீர் தாராளமாக ஊற்றலாம்.

கோடையில் இரண்டு அல்லது மூன்று நாட்களுக்கு ஒருமுறை, மாலையில் அல்லது விடியலில் தண்ணீர் போதும். விரலை மண்ணில் நுழைத்து இரண்டு அங்குலம் காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். தை, மாசி மாதங்களில் வாரம் ஒருமுறையாகக் குறைத்துச் செடிக்கு ஓய்வு கொடுக்கலாம். காய் பிடித்த பிறகு மட்டும் காயவிடுவதும் வெள்ளமாக ஊற்றுவதும் மாறி மாறி நடக்கக் கூடாது. பழுக்கும் தருணத்தில் தோல் வெடித்துவிடும்.

கத்திரி வெயிலைத் தாண்டுவது

இச்செடிக்கு 20 முதல் 30 டிகிரி வெப்பம் உகந்தது. வேலூரிலோ மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் வழக்கமானவை. பகலெல்லாம் சூடேறிய பாறைமலைகள் மாலையிலும் அனலை வீசும். மாடித்தளமோ கீழிருந்தும் சுடும். இந்தச் சூழலில் மூடாத செடியின் தென்மேற்குப் பக்கம் பார்த்த தண்டுகள் முதலில் வெளிர்மஞ்சளாகும். அப்போதே நிழல் கொடுத்தால் மழை வந்ததும் மீண்டும் பச்சை திரும்பும். விட்டுவிட்டால் அந்த மஞ்சள் வெளுத்து, தோல் காய்ந்து, தண்டு அந்த இடத்தில் வெந்துபோகும். வெந்த புண்ணின் வழியாகவே ஆனி, ஆடித் தூறலில் அழுகல் நுழைகிறது. மழையில் அழுகியது என்று நாம் நினைக்கும் பல தண்டுகள் உண்மையில் வெயிலில் கெட்டவை.

வெயிலால் மஞ்சளான தண்டையும் அழுகலால் மஞ்சளான தண்டையும் விரலால் தொட்டே பிரித்தறியலாம். வெயில் பட்டது கெட்டியாக இருக்கும், வெயில் விழும் பக்கம் மட்டும் மஞ்சளாக இருக்கும், வாடை இராது. அழுகல் பிடித்தது குழைந்து நீர் கசியும், எல்லாப் பக்கமும் நிறம் மாறியிருக்கும், மூக்கின் அருகே கொண்டுபோனால் புளித்த நாற்றம் வரும். முன்னதற்கு நிழல் மருந்து. பின்னதற்குக் கத்தி மருந்து: நல்ல பச்சைச் சதை தெரியும்வரை வெட்டி எறிந்து, வெட்டுவாயில் மஞ்சள்தூள் அல்லது தாமிரப் பூஞ்சைக்கொல்லிப் பொடியைத் தடவிக் காயவிட வேண்டும். இரண்டையும் மாற்றிப் புரிந்துகொண்டு, வெயில் மஞ்சளுக்குத் தண்ணீரை மேலும் மேலும் ஊற்றி வேரையும் அழுகவைப்பதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

மாசி இறுதியில் 50 சதவீத நிழல்வலையைச் செடிக்கு மேலே இரண்டடி இடைவெளி விட்டுக் கட்டுங்கள். மேற்குப் பக்கத்திலும் திரைபோலத் தொங்கவிடுங்கள், ஏனெனில் பிற்பகல் வெயில்தான் கொடியது. தொட்டியின் மேல்மண்ணைக் காய்ந்த இலை, தென்னை நார் அல்லது வைக்கோலால் மூன்று அங்குலத்துக்கு மூடுங்கள். தொட்டியின் வெளிப்புறத்தைச் சாக்கால் சுற்றுவதும் வேரைக் காக்கும். நண்பகலில் தண்டின் மேல் தண்ணீர் தெளிக்க வேண்டாம். கத்திரி முடிந்து முதல் நல்ல மழை பெய்ததும் வலையை நீக்கிவிட வேண்டும். ஆண்டு முழுவதும் நிழலிலேயே வைத்தால் தண்டு மெலிந்து நீளுமே தவிரப் பூக்காது. மேகம் இல்லாத ஒரு நாளில் சட்டென்று நீக்காமல், மாலையில் நீக்கிக் காலையில் போட்டு நான்கைந்து நாட்கள் பழக்கிய பின் முழுவதுமாக எடுத்துவிடுவது என் வழக்கம்.

ஏற்றுவதும் கிள்ளுவதும்

கம்பத்தின் உச்சியை எட்டும்வரை ஒரே ஒரு தண்டை மட்டும் ஏற விடுங்கள். பக்கத்தில் வரும் முளைகளைச் சிறிதாக இருக்கும்போதே திருகி எடுத்துவிட வேண்டும். பழைய பருத்திப் புடவையைக் கிழித்த நாடாவால் அடிக்கு ஒரு கட்டு போடலாம். கட்டுக்கம்பி தண்டை அறுக்கும். தண்டு டயருக்கு மேலே அரையடி உயர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பல கிளைகள் பிரிந்து குடைபோலத் தொங்கும். அப்படித் தொங்கும் கிளைகளில்தான் பூ வரும். பக்கக் கிளைகளை வெட்ட மனம் வராமல் விட்டவர்களின் செடி தரையெல்லாம் படர்ந்து ஒரு பூவும் காட்டாமல் நிற்கும்.

உரத்தைப் பொறுத்தவரை, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தொட்டிக்கு ஒரு கிலோ மண்புழு உரமும் ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும், மொட்டு வரும் பருவத்துக்கு முன் ஒரு கைப்பிடி எலும்புத்தூளும் சிறிதளவு மரச்சாம்பலும் வைக்கிறேன். சாணி முழுவதும் மக்கியிருக்க வேண்டும். பச்சைச் சாணி வேரை வேகவைத்துவிடும்.

பூக்கும் இரவு

பகற்பொழுது நீளும் மாதங்களில் பூக்கும் செடி இது. ஆகவே நம் ஊரில் வைகாசி, ஆனி தொடங்கி ஐப்பசி வரை அலை அலையாக மொட்டு விடும். பகல் குறுகும் பருவத்திலும் பூக்க வைப்பதற்காக வியட்நாம் விவசாயிகள் தோட்டமெங்கும் இரவில் விளக்கெரிக்கிறார்கள். வீட்டுத் தோட்டத்துக்கு அந்தச் செலவு தேவையில்லை. மொட்டு தோன்றிய மூன்று வாரங்களுக்கு மேல் அது நீண்டு, ஒரு நாள் மாலை நுனி உப்பி, வெள்ளை இதழின் விளிம்பு வெளியே தெரியும். அன்று இரவே விரியும். வீட்டில் பிரம்மகமலம் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானதுதான்; டிராகன் பூ அதைவிடப் பெரியது, ஏறக்குறைய ஓரடி நீளம் இருக்கும். ஏழெட்டு மணிக்கு அவிழத் தொடங்கி, பத்து மணிக்கு மேல் முழுவதும் விரிந்து, மறுநாள் வெயில் ஏறியதும் துவண்டுவிடும். ஒரு பூவுக்கு ஓர் இரவுதான்.

பூர்வீகத்தில் வௌவாலும் அந்துப்பூச்சியும் மகரந்தம் பரப்பும். நம் ஊரில் விடியற்காலையில் தேனீக்கள் மொய்க்கும். தானே காய்க்கும் வகைக்கு அது பெரும்பாலும் போதும். ஆனாலும் கையால் தடவிய பூவின் பழம் எப்போதும் எடை கூடுதலாகவே வருகிறது என்பது என் அனுபவம். துணை வேண்டும் வகைக்கோ கையால் தடவுவது கட்டாயம்.

என் செடிக்கு முதலில் மகரந்தம் தந்தது எதிர்வீட்டு அக்காவின் வெள்ளை வகை. ஆனி மாதத்தில் ஓர் இரவு ஒன்பதரை மணிக்கு மாடிச்சுவர் ஓரம் நின்று, "தம்பி, பூ விரிஞ்சிடுச்சி, டம்ளர் எடுத்துக்கினு வாங்க" என்று அழைத்தார். கைப்பேசி வெளிச்சத்தில் பூவின் உட்புறம் மஞ்சள் மாவு தூவியதுபோல் இருந்தது. எவர்சில்வர் டம்ளரைப் பூவின் வாய்க்குக் கீழே பிடித்து, ஓவியம் தீட்டும் மெல்லிய தூரிகையால் மகரந்தத்தாள்களை மெதுவாகத் தட்டினால், டம்ளரின் அடியில் அரைத் தேக்கரண்டி அளவுக்கு மகரந்தம் சேர்ந்துவிடுகிறது. அதை என் சிவப்புப் பூவின் நடுவே நட்சத்திரம்போல் பல விரல்களாகப் பிரிந்து நீண்டிருக்கும் சூல்முடியின் எல்லாப் பக்கங்களிலும் படும்படி தடவினேன். ஒரு பக்கம் மட்டும் தடவினால் பழம் கோணலாக வரும். ஆறாம் நாள் பூவின் அடிப்பகுதி பச்சையாகவே இருந்தது. காய் பிடித்ததற்கு அதுதான் அடையாளம். மஞ்சளாகியிருந்தால் உதிர்ந்திருக்கும்.

இரண்டு வகைகளும் ஒரே இரவில் பூக்காத சிக்கல் அடிக்கடி வரும். அப்போது முந்திப் பூத்ததன் மகரந்தத்தைக் காகிதத்தில் மடித்து, மூடியுள்ள டப்பாவில் இட்டுக் குளிர்பெட்டியில் வைத்தால் சில நாட்களுக்குக் கெடாது. மழை வரும் என்று தெரிந்தால் தடவிய பிறகு பூவின் மேல் ஒரு பாலித்தீன் உறையைக் கவிழ்த்து வையுங்கள். நான்கைந்து நாட்களில் வாடிய இதழ்களை மெதுவாகத் திருகி எடுத்துவிட்டால் எறும்பும் பூஞ்சையும் சேராது.

பறிக்கும் வரை

பூ விரிந்து 30 முதல் 35 நாட்களில் பழம் தயாராகும். தோல் முழுவதும் சிவந்து மூன்று நான்கு நாட்கள் கழித்து, செதில்களின் நுனி காயத் தொடங்கும்போது பறிப்பதே சரியான பதம். மாம்பழம்போலப் பறித்து வைத்துப் பழுக்கவைக்க இயலாது; பறித்தபோது எவ்வளவு இனிப்போ அவ்வளவுதான். அணிலும் கொண்டைக்குருவியும் நமக்கு முன்பே பதம் அறிந்துகொள்ளும் என்பதால், நிறம் மாறத் தொடங்கியதும் வலைப்பையால் மூடிக் கட்டுங்கள். பழ ஈயிடமிருந்தும் அது காக்கும். பறிக்கும்போது இழுக்காமல், கத்தரிக்கோலால் காம்பை ஒட்டிய தண்டுச்சதையோடு சேர்த்து வெட்ட வேண்டும். சிவப்புச் சதைப் பழத்தை முதன்முறை உண்பவர்களுக்கு மறுநாள் சிறுநீர் செந்நிறமாகப் போகலாம். பழத்தின் நிறமிதான் காரணம், அஞ்ச வேண்டியதில்லை என்று வீட்டுப் பெரியவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மாவுப்பூச்சிக்கும் செதில்பூச்சிக்கும் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு மாலையில் தெளித்தால் போதும். எறும்புகள் ஏறுகின்றன என்றால் மாவுப்பூச்சி எங்கோ இருக்கிறது என்று தேடுங்கள். தண்டுப்புண் நோய் தென்பட்டால் நோயுற்ற பகுதியை வெட்டி அப்புறப்படுத்தி, லிட்டருக்கு 3 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு கலந்து தெளிக்கலாம். பழம் இருக்கும்போது தெளிக்க வேண்டாம்.

கடைசிப் பழத்தைப் பறித்த பின், மார்கழியில், இரண்டு முறை காய்த்து ஓய்ந்த கிளைகளையும் உட்புறமாக நெருக்கி வளர்ந்தவற்றையும் வெட்டி எடுங்கள். ஒரு செடியிலிருந்து மற்றொன்றுக்குப் போகுமுன் கத்தியை ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். வெட்டிய நல்ல தண்டுகளைத் தெருவிலுள்ளவர்கள் கேட்டு வருவார்கள். கொடுக்கும் ஒவ்வொரு தண்டிலும் அழியாத மையால் மூன்று செய்திகளை எழுதிக் கொடுங்கள்: வகையின் பெயர், எந்த முனை மேலே வர வேண்டும் என்பதற்கான அம்புக்குறி, தானே காய்க்குமா துணை வேண்டுமா என்பது. எங்கள் தெருவில் எதிர்வீட்டு அக்காவும் நானும் இப்போது அப்படித்தான் கொடுக்கிறோம். துணை வேண்டும் வகையைக் கேட்பவருக்கு, கூடவே ஒரு வெள்ளைத் தண்டையும் சேர்த்துக் கட்டித் தருகிறோம்.